சாலவாக்கம் என்றால் கத்தும் கார்

வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகுதான் என் காதுக்கு வேலை அதிகமானது. இப்போது கார் ஷெட் நடத்துகிறவர்கள் வண்டிச் சத்தத்தைப் போனில் பதிவு செய்து எனக்கு அனுப்புகிறார்கள். "அண்ணே, இது பெல்ட்டா பேரிங்கா?" என்று கூடவே ஒரு கேள்வி. நான் மோர்சாதம் சாப்பிட்டுக்கொண்டே கேட்பேன். உத்திரமேரூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் எந்நேரமும் யாருடைய இன்ஜினாவது கிறீச்சிட்டுக்கொண்டிருக்கும்.

போன மாதம் ஒரு ஷெட்காரர் அனுப்பிய பதிவை விதவிதமாகக் கேட்டும் பிடிபடவில்லை. ஆல்டர்னேட்டரைக் கழற்றிப் பார்க்கச் சொன்னேன். அவரும் கழற்றிப் பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை என்றார். அப்புறம்தான் தெரிந்தது, அது அவர் வீட்டு மிக்ஸி. சமையலறையில் நின்றபோது விரல் தவறிப் பட்டு பதிவாகி எனக்கு வந்திருக்கிறது. தேங்காய்ச் சட்னிக்காக ஒரு நல்ல காரின் ஆல்டர்னேட்டரைக் கழற்ற வைத்த ஆள் நான்.

அவர்தான் கேட்டார்: "உங்க சர்வீஸ்ல ரொம்ப பேஜார் பண்ண சத்தம் எது அண்ணே?"

யோசிக்கவே தேவையில்லை. பெருநகர் தணிகாசலம் வீட்டுக் கார்தான்.

அதைச் சொல்வதற்கு முன் ஜாபர் பாயைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நான் தொழில் பழகியது காஞ்சிபுரத்தில், லாரி பட்டறையில். கிரீஸ் அள்ளினேன், திட்டு வாங்கினேன், ஒரு வழியாகக் கற்றுக்கொண்டேன். அவ்வளவுதான் அந்தக் கதை. கல்யாணம் ஆனபின் ஊரோடு வந்து ஜாபர் பாயின் கார் ஷெட்டில் சேர்ந்தேன். கடைசிவரை அங்கேதான்.

பாய் குடும்பம் கடைத்தெருவில் இரும்புக் கடை வைத்திருந்தது. அண்ணன் தம்பிகள் எல்லாம் கடையில் உட்கார, இவர் மட்டும் காரைத் தேடி வந்துவிட்டார். வெள்ளைச் சட்டைதான் போடுவார். அழுக்கு ஒட்டாது. எப்படி ஒட்டாமல் போனது என்பது இன்றுவரை எனக்கு விளங்காத ஒன்று. கார்க்காரர்களிடம் "ங்க" போட்டுப் பேசுவார். இன்ஜினை மட்டும் "நீ" என்பார். "இன்னாத்துக்கு இப்டி கத்திக்கினு கீற நீ?" என்று பானெட்டைத் திறந்து குனிந்து விசாரிப்பார்.

அவரிடம் ஒரு விநோதமான வழக்கம் இருந்தது. சத்தம் என்று ஒரு கார் வந்தால், சாவியை வாங்க மாட்டார். உரிமையாளரைப் பார்த்து, "கார் சத்தம் அப்பறம். மொதல்ல நீங்க கத்திக் காட்டுங்க" என்பார்.

ஆமாம், வாயால். சும்மா "கீச்சுன்னு கேக்குது" என்று சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டார். எந்தக் கீச்சு? நீளமா, விட்டு விட்டா? ஆரம்பத்தில் ஓங்கி அப்புறம் இறங்குதா? ஒரு தலைமையாசிரியர் எங்கள் ஷெட் வாசலில், பஸ்ஸுக்குக் காத்திருந்த தன் மாணவர்கள் பார்க்க, "கிய்ய்ய்யீக்" என்று கத்தினார். ஒரு போலீஸ் அதிகாரி மறுத்துவிட்டு, டிரைவரைக் கத்தச் சொன்னார். டிரைவர் கத்தியது பிடிக்காமல், "அப்டி இல்லய்யா" என்று தானே கத்திக் காட்டினார். பாய் கண்ணை மூடிக்கொண்டு, ஒரு கையால் காதை மடித்துக் கேட்பார். சிரித்ததே கிடையாது. "வண்டில இருக்கறவருக்குத்தாங்க அது தெரியும். நம்ப கிட்ட வந்தா வண்டி வாய மூடிக்கும்" என்பார். அது உண்மைதான். டாக்டரைப் பார்த்ததும் பல்வலி நிற்பதுபோல, ஷெட்டுக்கு வந்ததும் பாதி கார்கள் அமைதியாகிவிடும்.

அதற்கப்புறம் வரிசையாகக் கேள்விகள். காலையில் முதல் ஸ்டார்ட்டிலா, சூடான பிறகா? ஏசி போட்டாலா? ஸ்டீயரிங்கைத் திருப்பினாலா? இன்ஜின் முகப்பில் ஒரு கறுப்பு ரப்பர் பெல்ட் ஓடுகிறதே, அதுதான் இன்ஜின் சுற்றுகிற சுற்றை வாங்கி, பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரையும் ஏசியையும் ஸ்டீயரிங்கை லேசாக்கும் பம்பையும் சுழற்றுகிறது. அதில் எது இழுக்கும்போது பெல்ட் கத்துகிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதிக்கு ஒரு தண்ணீர் பாட்டில். ஓடுகிற பெல்ட்டின் பல்வரி மேல் கொஞ்சம் தெளிக்க வேண்டும். சத்தம் சற்று நேரம் நின்றால், பெல்ட் ஓடும் சக்கரங்கள் ஒரே நேரில் இல்லை என்று அர்த்தம். தண்ணீர் பட்டதும் சத்தம் கூடினால், பெல்ட் பிடிப்பில்லாமல் வழுக்குகிறது. இதெல்லாம் முடிந்த பிறகே ஸ்பானரைத் தொட விடுவார்.

தணிகாசலம் பெருநகரில் நல்ல நிலபுலன் உள்ளவர். ஏரிப் பாசனம், வருஷம் தவறாத நெல். ஒரு தை மாதக் காலையில் வெள்ளைக் காரில் வந்து இறங்கினார். கூடவே அவர் மனைவியின் தம்பி சபாபதி.

"கத்திக் காட்டுங்க" என்றார் பாய்.

தணிகாசலம் துண்டைச் சரிசெய்துகொண்டு, "அதெல்லாம் எனுக்கு வராது" என்றார். சபாபதி முன்னே வந்து கத்தினார். நான் எத்தனையோ பேர் கத்திக் கேட்டிருக்கிறேன். அப்படி ஒரு கத்தல் கேட்டதில்லை. எதிர்ச் சாரியில் கோழிக் கடையில் கோழிகள் எல்லாம் ஒரே சமயத்தில் எழுந்து நின்றன. பாயே கண்ணைத் திறந்துவிட்டார்.

"சரிங்க. பெல்ட்டுதான். வண்டிய வுட்டுட்டுப் போங்க, மாத்திடலாம்."

"மாத்தறதுக்கு வர்ல பாய்" என்றார் தணிகாசலம். "அது சொல்றது நெசமா பொய்யான்னு கேட்டுக்கினு போவத்தான் வந்தன்."

பாய் என்னைப் பார்த்தார். நான் பாயைப் பார்த்தேன்.

விஷயம் இதுதான். தணிகாசலத்தின் மூத்த மகள் கலைவாணிக்கு இரண்டு வரன்கள். ஒன்று சாலவாக்கம். பையன் குமரேசன், நாற்று நடும் இயந்திரம் வைத்து வாடகைக்கு ஓட்டுகிறவர். இன்னொன்று ராஜகுளம், சபாபதி தன் மனைவி வழிச் சொந்தத்தில் கொண்டுவந்த வரன். சாலவாக்கம் போகலாம் என்று குடும்பத்தோடு காரில் ஏறினால், வீட்டை விட்டு வெளியே வருவதற்குள் கார் ஊரைக் கூட்டிக் கத்துகிறது. ராஜகுளம் என்று கிளம்பினால் ஒரு முனகல்கூட இல்லை. ஒரு முறை இல்லை, ஒவ்வொரு முறையும்.

"சாலவாக்கம்னு வாயத் தொறந்தா போதும் பாய், ஓலமிடுது" என்றார் சபாபதி. "வாயில்லாத ஜீவன். அதுக்கே தெரியுது."

"அது ஜீவன் இல்லீங்க" என்றார் பாய்.

"அதான் எனுக்கும் கொழப்பம்" என்றார் தணிகாசலம். "நீங்க கேட்டு சொல்லுங்க. ஆனா சத்தத்த நிறுத்திடாதீங்க. வெள்ளிக்கெழம வரைக்கும் அது இருக்கணும். அன்னிக்கி கெளம்பறப்ப கத்திச்சின்னா சாலவாக்கத்த வுட்டுர்றதுன்னு முடிவு பண்ணிட்டன்."

அன்று மாலையே கலைவாணி ஷெட்டுக்கு வந்தார். உத்திரமேரூரிலேயே மருந்துக் கடையில் வேலை. வேலை முடிந்து பஸ்ஸுக்குப் போகிற வழி. எங்களை ஒன்றும் சுற்றி வளைக்கவில்லை.

"அண்ணா, நான் குமரேசனத்தான் கட்டிக்கப் போறன். நைனாகிட்ட சொல்லியும் பாத்துட்டன். 'நீ சொல்ற, காரு வேற சொல்லுதே'ன்றாரு. பி.ஃபார்ம் படிச்ச பொண்ணுக்கும் ஒரு டீசல் வண்டிக்கும் நடுவுல நின்னுக்கினு யோசிக்கிறாரு அண்ணா. அந்தக் காரு வாய மூடுங்க."

கண்ணில் தண்ணீர் நின்றது. ஆனால் குரலில் கோபம்தான் இருந்தது. அந்தக் கோபத்தைக் கண்டு எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. ஒரு பெண்ணின் வாழ்க்கை, ஒரு முழம் ரப்பரில் தொங்கிக்கொண்டிருந்தது.

அவர் போனபின் பாய் பழைய பெல்ட் ஒன்றை எடுத்து விரலால் தடவிப் பார்த்தார். பிறகு, "ஏகாம்பரம், சத்தம் எங்க வருதோ அங்க போய்த்தான் கேக்கணும். நாளைக்கிப் பெருநகர் போ. காரத் தொடாத. மொதல்ல வூட்டப் பாரு" என்றார்.

போய்ப் பார்த்தேன். பார்த்த மாத்திரத்தில் விளங்கிவிட்டது. தணிகாசலம் வீட்டு வளாகத்துக்கு இரண்டு வாசல். முன்வாசல் காஞ்சிபுரம் சாலைக்குப் போகிறது, பக்கவாசல் உத்திரமேரூர் சாலைக்கு. நடுவில் பெரிய கிணறு. கார் எப்போதும் முன்வாசலைப் பார்த்தே நிற்கும். ராஜகுளம் போக வேண்டுமென்றால் ஸ்டீயரிங்கை அசைக்காமல் நேரே வெளியே போய்விடலாம். சாலவாக்கம் போக, கிணற்றைச் சுற்றி ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துத் திரும்ப வேண்டும். முழுக்க ஒடிக்கும்போது பம்புக்கு ஏகப்பட்ட பாரம். பெல்ட் பழசு, வழவழப்பாகி கெட்டிப்பட்டுக் கிடந்தது. பிடிப்பில்லாமல் வழுக்கி, கத்துகிறது. தண்ணீர் தெளித்தேன்; சத்தம் கூடியது. சந்தேகமே இல்லை. உத்திரமேரூருக்கு வரும்போதும் இப்படித்தான் கத்தியிருக்கும்; வரன் பேச்சு இல்லாததால் யாரும் அதைக் கணக்கில் வைக்கவில்லை.

குடும்பத்தையே கிணற்றடிக்குக் கூட்டி இதைச் சொன்னேன். தணிகாசலம், அவர் மனைவி மரகதம், சபாபதி, கலைவாணி, இளைய மகள் மீனா, எல்லோரும் கவனமாகக் கேட்டார்கள். கேட்டுவிட்டு சபாபதி சொன்னார்: "அப்ப கெணறு வாணான்னு சொல்லுதா?"

சொல்லிப் பயனில்லை, காட்ட வேண்டும் என்று தோன்றியது. காரை எடுத்துப் பக்கவாசலைப் பார்த்து நிறுத்தினேன். "இப்ப ராஜகுளம் போலாம். எல்லாம் ஏறுங்க" என்றேன். ஏறினார்கள். கிணற்றைச் சுற்றி ஒடித்து முன்வாசலுக்குத் திருப்பினேன். கார் வீறிட்டது. சபாபதியின் முகம் வெளுத்துவிட்டது. கலைவாணி முதல் தடவையாகச் சிரித்தார்.

தணிகாசலம் காரிலிருந்து இறங்கி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்தார். திரும்பி வந்து, "அப்ப ரெண்டு எடமும் சரியில்ல" என்றார்.

கலைவாணி நெற்றியில் அடித்துக்கொண்டார்.

எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. காரைப் பழையபடி முன்வாசல் பார்த்து நிறுத்தினேன். "மறுபடியும் ஏறுங்க. கோயிலுக்குப் போவலாம்" என்றேன். கோயிலுக்குப் பக்கவாசல் வழியாகத்தான் போக முடியும்; கோபுரம் வீட்டிலிருந்தே தெரியும். கிணற்றைச் சுற்றித்தான் போக வேண்டும். மரகதம் கன்னத்தில் போட்டுக்கொண்டு ஏறினார். ஒடித்தேன். அன்றைக்கு அது கத்திய கத்தல்களிலேயே அதுதான் பெரியது. கோபுரத்துப் புறாக்கள் பறந்தன.

தணிகாசலம் மெதுவாக இறங்கிக் கிணற்றின் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தார். ஒரு முறை கோபுரத்தைப் பார்த்தார், ஒரு முறை காரைப் பார்த்தார்.

"சாமியப் பாத்தே கத்துதே" என்றார். பிறகு, ரொம்பச் சின்னக் குரலில், "அப்ப கோளாறு காருலதான் போல கீது."

அதைத்தான் நான் வந்ததும் சொன்னேன். இருந்தாலும் அவரே கண்டுபிடித்த மாதிரி இருக்கட்டும் என்று தலையாட்டினேன். மறுநாள் ஷெட்டில் புது பெல்ட் போட்டு, அதன் இறுக்கத்தைச் சரிபார்த்துக் கொடுத்தோம். வெள்ளிக்கிழமை கார் பூனைபோல் கிணற்றைச் சுற்றிச் சாலவாக்கம் போய்வந்தது. அவர்கள் வழக்கப்படி மாப்பிள்ளை வீட்டில் நிச்சயத்துக்கு நாள் குறித்தார்கள். அந்த நன்றியில் பாயையும் என்னையும் அழைத்திருந்தார்கள். தணிகாசலம் மட்டும், எதற்கும் இருக்கட்டும் என்று அதே அளவில் இன்னொரு பெல்ட்டையும் எங்களிடம் வாங்கி வைத்துக்கொண்டார்.

நிச்சயத்தன்று காலையில் பெருநகரில் ஒரு சின்னச் சிக்கல். வரிசைத் தட்டுகளை எண்ணினால் இரட்டைப்படை. ஒற்றைப்படையில்தான் போக வேண்டும். ஒரு தட்டைக் குறைக்க மரகதத்துக்கு மனசில்லை. தட்டில் வைக்க வேறு ஒன்றும் கைவசம் இல்லை. தணிகாசலம் உள்ளே போய், அந்த ஸ்பேர் பெல்ட்டைக் கொண்டுவந்து ஒரு தட்டில் வளையமாக வைத்தார். "இதாலதான கல்யாணமே கூடிச்சி" என்றார். மரகதம் அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்தார். பழம், தேங்காய், பூ, பட்டுவேட்டி, பெல்ட் என்று தட்டுகள் வேனில் ஏறின. பாயும் நானும் அந்த வேனில்தான் போனோம். பாய் அந்தத் தட்டைப் பார்த்துவிட்டு வெளியே வயலைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

சாலவாக்கத்தில் மாப்பிள்ளை வீட்டு வாசலில் பந்தல். தெருவே நின்றிருந்தது. கார் கத்தும் கதை அங்கே முன்பே பரவியிருந்ததால், நாதஸ்வரக்காரர்கூடச் சீவாளியை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் காரையே பார்த்துக்கொண்டிருந்தார். சபாபதிதான் ஓட்டிவந்தார். பந்தலுக்குள் நுழைய, ஒரு வேப்பமரத்தை ஒட்டி முழுக்க ஒடிக்க வேண்டும். ஒடித்தார்.

கார் வீறிட்டு அலறியது.

புது பெல்ட்! என் கையால் போட்டது!

மாப்பிள்ளையின் அம்மா செங்கேணியம்மாள், கையில் ஆரத்தித் தட்டோடு அப்படியே நின்றார். "இன்னா இது? எங்க வூட்டு வாசல்ல வந்து ஒப்பாரி வெக்குதே உங்க காரு! பொண்ணு குடுக்க வந்தீங்களா, எழவுக்கு வந்தீங்களா?"

"கார்தாங்க சரியில்ல, சாமியப் பாத்தே கத்திச்சி" என்று தணிகாசலம் சமாதானமாகச் சொன்னார். அது நிலைமையை இன்னும் மோசமாக்கியது. சாமியைப் பார்த்தே கத்தின காரையா எங்கள் வீட்டுக்கு ஓட்டி வந்தீர்கள் என்று மாப்பிள்ளை வீட்டார் நான்கு பக்கமும் குரல் எழுப்பினார்கள். சபாபதி ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி, "நான் ஒண்ணும் பண்ணல, நான் ஒண்ணும் பண்ணல" என்றார். குமரேசன் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு கலைவாணி பக்கம் வந்து நின்றார். யாரோ அவரை இழுத்தார்கள். அவர் நகரவில்லை. கலைவாணி யாரையும் பார்க்கவில்லை, எங்களைத்தான் பார்த்தார்.

பாய் வேனிலிருந்து இறங்கினார். வெள்ளைச் சட்டை, அத்தர் வாசனை. நேரே செங்கேணியம்மாளிடம் போய், "அம்மா, அந்தத் தட்டக் கொஞ்சம் கீழ வெச்சிட்டு எனுக்கு ஒரு டம்ளர் தண்ணி குடுங்க" என்றார். விருந்தாளி தண்ணீர் கேட்டால் யார் மறுப்பார்கள்? கொண்டுவந்தார். பாய் குடிக்கவில்லை. பானெட்டைத் திறக்கச் சொல்லி, ஓடுகிற பெல்ட்டில் தெளித்தார். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு தெறித்தது.

"நிறுத்து. கழட்டு" என்றார் என்னிடம்.

கழற்றினேன். கையில் வழவழவென்று வந்தது. பாய் அதை வாங்கி, மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடி ஆழமாக முகர்ந்தார். சாலவாக்கம் மொத்தமும் அவர் மூக்கையே பார்த்தது. ஒரு முறை முகர்ந்தது போதாமல், இன்னொரு முறை முகர்ந்தார்.

"நல்லெண்ண" என்றார்.

"எந்த எண்ண?" என்றார் தணிகாசலம்.

"செக்குல ஆட்டின நல்லெண்ணங்க. நல்ல சரக்கு. யாரு வெச்சது?"

கூட்டத்தின் பின்னாலிருந்து மரகதத்தின் குரல் வந்தது. "நாந்தான்" என்றார். முந்தானையைத் திருகிக்கொண்டு முன்னே வந்தார். அழுதுகொண்டே சொன்னார்: "புதுசா போட்டதும் நல்லா கம்முனு இருந்திச்சி. மறுபடியும் கத்திடப்போவுதேன்னு பயந்துக்கினு தெனம் காலைல ஒரு சொட்டு வெச்சன். கொழந்தைக்கி எண்ண வெச்சா அழாம தூங்குதில்ல? இன்னிக்கி நல்ல நாளாச்சேன்னு ஒரு கரண்டியா ஊத்திட்டன்."

பெல்ட் எண்ணெயில் ஊறினால் பிடிப்பு ஏது? கத்தாமல் என்ன செய்யும்? காலையில் வேனுக்கு வழிவிடக் கார் பக்கவாசலிலேயே நின்றதால், அங்கே கிணற்றைச் சுற்றவும் இல்லை, கத்தவும் இல்லை. இதை நான் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் செங்கேணியம்மாள் பேசிவிட்டார்.

"நல்லெண்ண எங்கனா ஊத்துவாங்களா?"

எல்லோரும் தலைகுனிந்தோம்.

"வெளக்கெண்ண ஊத்தணும்!" என்றார் அவர். "எங்க பம்புசெட்டு பெல்ட்டுக்கு நான் வெளக்கெண்ணதான் ஊத்தறன். கேளு குமரேசன."

குமரேசன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில், வருஷக்கணக்காகப் புரியாமலிருந்த ஏதோ ஒன்று அவருக்குப் புரிந்தது தெரிந்தது. "ஏம்மா, நான் போன வருசம் எத்தினி பெல்ட்டு மாத்தினன்!" என்றார்.

அவரை யாரும் கவனிக்கவில்லை. மரகதம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வெளக்கெண்ண கெட்டியா இருக்குமே, ஒட்டிக்காதா?" என்று கேட்டார். "சூடு பண்ணி ஊத்தணும் சம்மந்தி" என்றார் செங்கேணியம்மாள். சம்மந்தி! அந்தச் சொல் விழுந்ததும் தணிகாசலம் பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது. பாய் என் காதில் மட்டும், "ரெண்டு பேருக்கும் நாளைக்கி சொல்லலாம். இன்னிக்கி வாய மூடிக்கினு இரு" என்றார்.

எண்ணெய் பட்ட பெல்ட்டை மறுபடி போடக்கூடாது. புதுசு வேண்டும். புதுசு எங்கே? வரிசைத் தட்டில். நாங்கள் தேடிப் போனபோது மாப்பிள்ளையின் சித்தப்பா ஒருவர், குங்குமம் வைத்த அந்தப் பெல்ட்டைக் கையில் எடுத்துத் தன் இடுப்போடு வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "மாப்பிளைக்கி பெல்ட்டு எடுத்து வந்துகிறீங்க சரி, பக்கிள் எங்க?" என்றார். அவரிடம் பக்குவமாகச் சொல்லி வாங்கிக்கொண்டோம்.

முதலில் சக்கரங்களில் உள்ள எண்ணெய் போக வேண்டும். நான் துணி கேட்டேன். செங்கேணியம்மாள் பட்டுப்புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு, பாத்திரம் தேய்க்கும் சோப்பும் தேங்காய் நாருமாக வந்தார். "தள்ளுபா, எண்ணப் பிசுக்க எப்டி எடுக்கறதுன்னு எனுக்குத் தெரியும்" என்று இன்ஜினுக்குள் கையை விட்டுத் தேய்த்தார். மறுபக்கம் மரகதம் தண்ணீர் ஊற்றினார். அவர்கள் இருவரும் அப்படிப் பானெட்டுக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டு குசுகுசுவென்று பேசி, ஒரு தடவை சேர்ந்து சிரித்ததையும் கேட்டேன். நிச்சயதாம்பூலம் உள்ளே கூடத்தில் பிறகுதான் நடந்தது. என்னைக் கேட்டால், அது அந்த இன்ஜின் அறையிலேயே முடிந்துவிட்டது என்பேன்.

காய்ந்த துணியால் துடைத்து, புது பெல்ட்டை மாட்டினேன். பாய், பெல்ட் இருந்த தட்டை யாரும் உள்ளே கொண்டுபோக வேண்டாம் என்று சைகை செய்தார். ஏனென்றால் தட்டு இப்போது காலி. அதை விட்டுவிட்டு எண்ணினால் வரிசை மறுபடி இரட்டைப்படை. செங்கேணியம்மாளும் அதைக் கவனித்துவிட்டார். பிறகு தணிகாசலமே, கழற்றிப் போட்ட எண்ணெய்ப் பெல்ட்டைத் துண்டால் துடைத்து, அந்தத் தட்டில் வைத்தார். கணக்கு சரியானது. நாதஸ்வரக்காரர் சீவாளியை வாயில் வைத்தார்.

சபாபதி சாவியை என்னிடம் நீட்டிவிட்டார். நான்தான் கலைவாணியை மறுபடி காரில் ஏற்றி, பின்னால் எடுத்து, வேப்பமரத்தை ஒட்டி மறுபடி முழுக்க ஒடித்தேன். தெரு கேட்டது. இன்ஜின் மட்டும் மெல்ல ஓடியது. "ஒண்ணும் கேக்கல" என்று ஒரு கிழவர் ஏமாற்றத்தோடு சொன்னார். கலைவாணி ஆரத்திக்குக்கூடக் காத்திருக்காமல் இறங்கி உள்ளே நடந்தார்.

கல்யாணத்துக்குத் தணிகாசலம் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். பெண் அழைப்புக் காரில் நான் இருக்க வேண்டும். வேட்டி, புதுச் சட்டை, மடியில் ஸ்பானர்ப் பை. பெண்ணுக்கும் பெண்ணின் அம்மாவுக்கும் நடுவில் உட்கார வைத்துவிட்டார்கள். மரகதத்தின் கையில் எண்ணெய் எதுவும் இல்லை என்று பார்த்துக்கொள்வதுதான் என் உண்மையான வேலை. வழி முழுக்கக் கலைவாணி சிரித்துக்கொண்டே வந்தார்.

ஒன்றிரண்டு வருஷம் கழிந்திருக்கும். ஒரு நாள் தணிகாசலம் தனியாக ஷெட்டுக்கு வந்தார். கார் நன்றாக இருக்கிறது என்றார். அதைச் சொல்லும்போது முகத்தில் சந்தோஷம் இல்லை.

"அதான் பாய் கஷ்டம். இப்ப வாயே தொறக்க மாட்டேங்குது. மீனாவுக்கு மூணு எடத்துலர்ந்து கேக்கறாங்க. மூணுக்கும் கம்முனு கீது. நான் எத்தப் பாத்து முடிவு பண்றது?"

பாய் கையைத் துடைத்துக்கொண்டார். "மீனாவக் கேளுங்க."

தணிகாசலம் இதற்கு முன் அப்படி ஒரு வழி இருப்பதைக் கேள்விப்படாதவர் மாதிரி நின்றார். பிறகு கவலையோடு, "அது காரவிட அதிகமா கத்துமே பாய்" என்றார்.

"கத்தட்டுங்க. எதுக்குக் கத்துதுன்னு வெவரமா சொல்லும்ல."

யோசித்துக்கொண்டே போனார். சில நாள் கழித்து அவரே போன் செய்தார்.

"ஏகாம்பரம், கேட்டன்."

"இன்னா சொல்லிச்சி?"

"மூணு எடமும் வாணாமாம். கார் ஓட்டக் கத்துக்கணுமாம். சரின்னுட்டன்பா."

அடுத்த மாதமே அந்த வெள்ளைக் கார் புகைந்துகொண்டு ஷெட்டுக்கு வந்தது. கிளட்ச் தீய்ந்து, நாற்றம் கடைத்தெரு வரைக்கும் அடித்தது. மீனா டிரைவர் சீட்டிலிருந்து இறங்கி, தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு, "கெணத்த சுத்தறப்ப மட்டும் கால் நடுங்குதுண்ணா, மத்தபடி நல்லா ஓட்டறன்" என்றார். பின்சீட்டில் தணிகாசலம், மேல் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடி உட்கார்ந்திருந்தார். வந்துவிட்டது, இறங்குங்கள் என்று பாய் கதவைத் திறந்து சொன்ன பிறகும், இன்ஜின் நின்றுவிட்டதா என்று மகளிடம் இரண்டு முறை கேட்டுக்கொண்டுதான் கண்ணைத் திறந்தார்.